கருவுற்ற காலத்து இரத்த உறைவும் அதன் மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னரும் தாயின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைப்பை உண்டாக்குதல் தாய்க்கும் கருவுக்கும் உயிர்க்கேடு விளைவிக்க வல்லது. பதினேழாம் நூற்றாண்டு முதல் இன்றுவரை மருத்துவம் இந்நோயை எவ்வாறு அறிந்து கையாண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதிய மருந்துகள் கண்டறியப்பட்டது இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. அம்மருந்து எவருக்கு வேண்டும், எவருக்கு வேண்டா, எப்போது நிறுத்தப்பட வேண்டும் என்னும் தெளிவு மெல்ல உருவானதே அதன் மையப் பகுதி என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, இரத்த உறைவு, ஹெப்பாரின், வார்ஃபரின், நச்சுக்கொடி, கருச்சிதைவு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மகப்பேற்றின்போது நச்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியும் இடத்தில் பல இரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. அவ்விடத்தில் இரத்தம் விரைந்து உறையாவிடில் தாய் சில நிமிடங்களிலேயே உயிரிழக்கக்கூடும். இதனை எதிர்கொள்ளும் பொருட்டுக் கருவுற்ற நாள்முதலே பெண்ணின் உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் முதலான உறைபொருள்கள் பெருகுகின்றன. உறைதலைத் தடுக்கும் புரதங்களுள் ஒன்றாகிய புரதம் எஸ் குறைகிறது. வளரும் கருப்பை இடுப்புப் பகுதிச் சிரைகளை அழுத்துவதால் கால்களிலிருந்து மேலெழும் இரத்தத்தின் ஓட்டமும் மந்தமாகிறது. வலப்புறத் தமனி இடப்புறச் சிரையின் குறுக்கே செல்வதால் இடக்காலிலேயே அடைப்பு மிகுதியாகத் தோன்றுகிறது.

குருதிப்போக்கிலிருந்து காக்கும் இவ்வேற்பாடே அளவு மீறும்போது ஆபத்தாகிறது. கருவுற்ற பெண்ணுக்குச் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு, அதே வயதுடைய கருவுறாத பெண்ணைவிட நான்கைந்து மடங்கு அதிகம். நாள் கணக்கில் நோக்கினால் மகப்பேற்றுக்குப் பிந்தைய வாரங்களே மிகுந்த ஆபத்துடையவை. ஆயினும் 1,000 மகப்பேறுகளுள் ஒன்றிரண்டில் மட்டுமே இந்நோய் தோன்றுகிறது. அரிதாக வருவதும், வந்தபின் விரைவில் உயிரைக் கவர வல்லதுமான ஒரு நோயை எவ்வாறு முன்கூட்டியே அறிவது என்பதே இவ்வரலாறு முழுவதும் மருத்துவர் முன் நின்ற வினாவாகும்.

1. பால் கட்டிய கால்

குழந்தை பெற்ற சில நாள்களில் ஒரு கால் வெண்மையாக வீங்கிக் கடும் வலி தருவதை ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். பிரெஞ்சு மகப்பேற்று அறிஞர் பிரான்சுவா மோரிசோ 1668இல் வெளியிட்ட நூலில், மகப்பேற்றுக்குப் பின் வெளியேற வேண்டிய கழிவு நீர் உடலிலேயே தங்கிவிடுவதன் விளைவாக இதனைக் கருதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் நிக்கோலா புசோ முதலியோர், மார்புக்குச் செல்ல வேண்டிய பால் காலில் தேங்கிவிடுகிறது என்றனர். வீங்கிய கால் வெண்ணிறமாகத் தோன்றியதும், தாய்க்குப் பால் சுரக்கும் நாள்களிலேயே அவ்வீக்கம் வந்ததும் இக்கருத்துக்கு வலுவூட்டின. 'பால்கால்' என்னும் பொருள்பட வழங்கிய பெயர் ஆங்கிலத்தில் நெடுநாள் நிலைத்தது.

மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் வைட் 1784இல் இக்கருத்தை மறுத்தார். நிணநீர்க் குழாய்களின் அடைப்பே காரணம் என்று அவர் கூறியது தவறாயினும், நோயின் இருப்பிடத்தைப் பாலிலிருந்து குழாய்களுக்கு மாற்றியது ஒரு முன்னேற்றமாகும். 1823இல் இலண்டனைச் சேர்ந்த டேவிட் டேவிஸ், இறந்த பெண்களின் உடற்கூற்று ஆய்வைக் கொண்டு, இடுப்புச் சிரைகளில் உறைந்த இரத்தமே வீக்கத்திற்குக் காரணம் என எடுத்துக்காட்டினார். கால் சிரையில் உண்டான உறைகட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் தமனியை அடைக்கக்கூடும் என்பதைச் செருமானிய அறிஞர் ருடோல்ஃப் வீர்ஷோ 1840களின் நடுப்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளால் நிறுவினார். இரத்த ஓட்டத்தின் மந்தம், குழாய்ச் சுவரின் சிதைவு, இரத்தத்தின் உறையும் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்று காரணங்களைப் பின்வந்தோர் அவர் பெயராலேயே வழங்கினர். இம்மூன்றும் ஒருசேர அமையும் இயல்பான உடல்நிலை மகப்பேறேயாகும்.

காரணம் தெரிந்தபின்னும் நடைமுறை உடனே மாறவில்லை. குழந்தை பெற்றவளை ஒரு வாரத்திற்கும் மேலாகப் படுக்கையிலேயே கிடத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை மேலை நாட்டு மருத்துவமனைகளில் நீடித்தது. பாதுகாப்பு என்று கருதப்பட்ட அவ்வோய்வே இரத்த ஓட்டத்தை மேலும் மந்தமாக்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனைப் படுக்கைகள் போதாமற்போனதும் தாய்மாரை விரைவில் எழுந்து நடக்கச்செய்த காரணங்களுள் ஒன்று. மகப்பேற்றுக்குப் பின் விரைவில் நடமாட வேண்டும் என்னும் அறிவுரை இன்றும் உறைவுத் தடுப்பின் முதற்படியாக உள்ளது.

2. ஈரலிலிருந்தும் புல்லிலிருந்தும் வந்த மருந்துகள்

இரத்த உறைவைத் தடுக்கும் இரு பெரும் மருந்துகளும் அவற்றைத் தேடாதவர்களுக்கே கிடைத்தன. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த ஜே மெக்லீன், பேராசிரியர் வில்லியம் ஹோவலின் ஆய்வகத்தில் இரத்தத்தை உறையச்செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் அதற்கு மாறாக உறைவைத் தடுத்தது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி ஹோவல் 'ஹெப்பாரின்' என்னும் பெயரை 1918இல் சூட்டினார். ஈரலிலிருந்து ஹோவல் குழுவினர் பின்னர்ப் பிரித்தெடுத்த வேறொரு பொருளுக்கே அப்பெயர் முதலில் உரியதாயிற்று. இன்சுலின் ஆய்வில் புகழ்பெற்ற சார்லஸ் பெஸ்ட் தலைமையில் டொராண்டோவிலும், சுவீடனிலும் நடந்த தூய்மையாக்கப் பணிகளின் பயனாக, 1930களின் நடுப்பகுதியில் ஹெப்பாரின் நோயாளருக்குச் செலுத்தத் தக்கதாயிற்று.

மற்றொரு மருந்து கால்நடைகளிடமிருந்து வந்தது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் குருதிப்போக்கால் மடிந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் தலைமையிலான குழு, அப்புல்லில் இருந்த டைக்குமரால் என்னும் நச்சுப்பொருளை 1939இல் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் முதலில் 1948இல் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்க்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விழுங்கக்கூடிய மாத்திரை என்பதால், நாள்தோறும் ஊசியாகச் செலுத்த வேண்டிய ஹெப்பாரினைவிட இது எளிதாக விளங்கியது.

1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் ஆகியோர் நடத்திய சிறிய ஒப்பீட்டு ஆய்வு, நுரையீரல் அடைப்புற்றோருக்கு உறைவெதிர் மருந்துகள் உயிர்காப்பவை என்பதைத் தெளிவாக்கியது. மருந்து பெறாத 19 பேருள் ஐவர் அவ்வடைப்பினாலேயே இறந்தனர். மருந்து பெற்ற 16 பேருள் எவரும் அக்காரணத்தால் இறக்கவில்லை. இனி உறைவெதிர் மருந்தின் தேவை பற்றிய ஐயம் எழவில்லை. ஆயினும் கருவுற்ற பெண்ணுக்கு எம்மருந்து பொருந்தும் என்னும் வினா திறந்தே இருந்தது.

3. நச்சுக்கொடி என்னும் எல்லை

ஹெப்பாரின் பெரிய மூலக்கூறு. மிகுந்த எதிர்மின்னூட்டமும் உடையது. ஆதலால் அது நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவதில்லை. வார்ஃபரின் சிறிய மூலக்கூறு, எளிதில் கடந்துவிடும். இவ்வேறுபாட்டின் விளைவு, செயற்கை இதய வால்வுகளின் வரவுக்குப் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது.

1960இல் ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்வு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டதைத் தொடர்ந்து, முன்னர் இளவயதிலேயே இறந்திருக்கக்கூடிய பெண்கள் பிழைத்துத் தாய்மையும் எய்தினர். உலோக வால்வின்மேல் இரத்தம் உறையாதிருக்க அவர்கள் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் உட்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய தாய் ஒருத்திக்குப் பிறந்த குழந்தை மூக்கெலும்பு வளர்ச்சி குன்றியிருந்ததை 1966இல் டிசாயா பதிவுசெய்தார். அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய பதிவுகள் பெருகின. குருத்தெலும்பு முறையாக உருவாகத் தேவையான சில புரதங்கள் வைட்டமின் கே உதவியுடனேயே செயலுறுகின்றன. தாயின் இரத்தம் உறையாமற் காக்க வார்ஃபரின் அவ்வைட்டமினைத் தடுக்கும்போது, கருவின் எலும்பாக்கமும் தடைப்படுகிறது. கருவுற்ற ஆறாம் வாரம் முதலான சில வாரங்களே இதற்கு மிகவும் இலக்காகும் காலம்.

1980இல் ஹால், பவுலி, வில்சன் ஆகியோர் அதுவரை வெளிவந்த பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். வார்ஃபரின் வகை மருந்து உட்கொண்ட 418 கருத்தரிப்புகளுள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கருச்சிதைவிலோ இறந்த பிறப்பிலோ முடிந்திருந்தது. மேலும் ஆறில் ஒரு பங்கில் குழந்தை குறைபாட்டுடன் பிறந்திருந்தது. ஹெப்பாரின் பெற்ற 135 கருத்தரிப்புகளிலும் மூன்றில் இரண்டு பங்கே இயல்பாக முடிந்திருந்தன. இரண்டும் ஒரே அளவு தீயவை என்னும் தோற்றத்தை இது அளித்தது. 1989இல் ஜின்ஸ்பெர்க், ஹிர்ஷ் ஆகியோர் இப்பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து, ஹெப்பாரின் பெற்ற பெண்கள் பலருக்கு முன்பே கருவைப் பாதிக்கக்கூடிய வேறு நோய்கள் இருந்ததைச் சுட்டினர். அவர்களை நீக்கிப் பார்த்தபோது ஹெப்பாரினால் கருவுக்குக் கேடு மிகுந்ததாகத் தெரியவில்லை. மருந்தின் மேல் ஏற்றப்பட்ட பழியில் பெரும்பகுதி நோய்க்கே உரியதாயிருந்தது.

கருவுக்குத் தீங்கற்ற ஹெப்பாரினும் தாய்க்கு முற்றிலும் தீங்கற்றதன்று. மாதக்கணக்கில் செலுத்தும்போது எலும்பு மெலிந்தது. நெடுங்கால ஹெப்பாரின் பெற்ற 184 பெண்களைப் பற்றி டால்மன் 1993இல் வெளியிட்ட ஆய்வில் நால்வருக்கு முதுகெலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. ஹெப்பாரினைச் சிறு துண்டுகளாக்கிப் பெறப்பட்ட குறை மூலக்கூற்றெடை ஹெப்பாரின் இச்சிக்கலைப் பெரிதும் குறைத்தது. தோலடியில் நாளொன்றுக்கு ஓரிரு முறை செலுத்தினால் போதும். நச்சுக்கொடியையும் அது கடப்பதில்லை. கிரீர், நெல்சன்–பியர்சி ஆகியோர் 2005இல் தொகுத்த 2,777 கருத்தரிப்புகளில் தாய் இறப்பு ஒன்றும் இல்லை. எலும்பு முறிவு 0.04 விழுக்காடே. கருவுற்ற கால உறைவு மருத்துவத்தில் இன்று முதலிடம் பெறுவது இம்மருந்தே.

செயற்கை வால்வு பொருத்தப்பட்ட பெண்ணின் நிலை மட்டும் தீராத சிக்கலாக எஞ்சியது. வால்வைக் காப்பதில் வார்ஃபரின் சிறந்தது. கருவைக் காப்பதில் ஹெப்பாரின் சிறந்தது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாத வார்ஃபரின் பெற்றவர்களிடம் கருவுக்குரிய கேடுகள் குறைவு என்பதை இத்தாலிய ஆய்வாளர் விட்டாலே குழுவினர் 1999இல் காட்டினர். எனினும் 2015இல் வெளிவந்த பன்னாட்டுப் பதிவேட்டின்படி, உலோக வால்வுடைய 212 பெண்களுள் 58 விழுக்காட்டினரே பெருங்கேடு எதுவுமின்றி உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். வாதக் காய்ச்சலால் இதய வால்வு சிதைவோர் இன்றும் மிகுதியாக உள்ள இந்தியாவிற்கு இச்சிக்கல் பழங்கதையன்று. கருத்தரிக்கும் முன்னரே, இயன்றால் வால்வைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே, பெண்ணிடம் இவற்றை எடுத்துரைப்பது மருத்துவக் கடமையாகிறது.

4. சோதனைக் குழாயில் உறையாத இரத்தம்

உறைவு நோய் தாயின் காலிலோ நுரையீரலிலோ மட்டும் தோன்றுவதன்று. மீண்டும் மீண்டும் நேரும் கரு இழப்பாகவும் அது வெளிப்படலாம் என்பதை மருத்துவம் பிந்தியே உணர்ந்தது. 1952இல் கான்லி, ஹார்ட்மன் ஆகியோர் லூபஸ் நோயாளர் இருவரின் இரத்தம் சோதனைக் குழாயில் உறையத் தாமதிப்பதைக் கண்டனர். இத்தன்மைக்கு 1972இல் 'லூபஸ் உறைவெதிர்ப்பி' என்னும் பெயர் அமைந்தது. பெயர் முரணானது, ஏனெனில் குழாயில் உறையாத அவ்விரத்தம் உடலினுள் எளிதில் உறைந்தது. 1983இல் இலண்டனில் கிரகாம் ஹியூஸும் அவருடைய குழுவினரும் இரத்த உறைவு, தொடர் கருச்சிதைவு, மூளைப் பாதிப்பு ஆகியவற்றை ஒரே வகைப் பிறபொருளெதிரியுடன் இணைத்துக் காட்டினர். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறித் தொகுதி என்று இன்று வழங்குவது இதுவே. காரணம் காட்டப்படாமல் குழந்தைகளை இழந்துவந்த பெண்களுக்கு, தம் நோயின் பெயரேனும் அப்போதுதான் தெரியவந்தது.

அதே ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த லுப்பி குழுவினர், பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் ஆஸ்பிரினும் பெற்ற ஆறு பெண்களுள் ஐவர் உயிருள்ள குழந்தைகளைப் பெற்றதாக அறிவித்தனர். இம்மருத்துவம் விரைந்து பரவியது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் பின்னரே வந்தன. 1992இல் கவுச்சாக் குழுவினர், ஆஸ்பிரினுடன் ஸ்டீராய்டு பெற்றோரிலும் ஆஸ்பிரினுடன் ஹெப்பாரின் பெற்றோரிலும் 75 விழுக்காட்டினரே உயிருள்ள குழந்தையைப் பெற்றதையும், ஸ்டீராய்டு பெற்ற தாய்மாருக்குத் தீங்குகள் மிகுந்திருந்ததையும் கண்டனர். 1997இல் கனடாவில் லாஸ்கின் குழுவினர், தொடர் கரு இழப்புக்குள்ளான 202 பெண்களிடம் நடத்திய ஆய்வில், ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் பெற்றோருள் குறைமாதப் பிறப்பு 62 விழுக்காடாகவும், வெற்று மாத்திரை பெற்றோருள் 12 விழுக்காடாகவும் இருந்தது. நன்மை உறுதிப்படவில்லை; தீமை உறுதிப்பட்டது.

அவ்வாண்டிலேயே இலண்டனில் ராய் குழுவினர் 90 பெண்களிடம் நடத்திய ஆய்வு இன்றைய வழக்கத்திற்கு அடிப்படையாயிற்று. ஆஸ்பிரின் மட்டும் பெற்றோருள் 42 விழுக்காட்டினரும், ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்றோருள் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். 2002இல் பர்குவார்சன் குழுவினர் 98 பெண்களிடம் நடத்திய ஆய்வில் இவ்வேறுபாடு தென்படவில்லை (72, 78 விழுக்காடுகள்). எனவே சான்று முற்றும் ஒருமுகமானதன்று. 2004இல் எலிகளிடம் நடந்த ஆய்வொன்று, ஹெப்பாரின் இரத்த உறைவைத் தடுப்பதால் மட்டுமன்றி நச்சுக்கொடியில் நிகழும் அழற்சியைத் தணிப்பதாலும் கருவைக் காக்கக்கூடும் என்று காட்டியது. மருந்தின் பயன் அறியப்பட்ட பின்னரே அது செயற்படும் வழி ஆராயப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நோயை வரையறுப்பதிலும் எச்சரிக்கை வளர்ந்தது. தொற்று முதலிய காரணங்களால் இப்பிறபொருளெதிரி சிறிது காலம் தோன்றி மறையலாம். ஆகவே 2006இல் திருத்தப்பட்ட வரையறை, குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்தல் வேண்டும் என வலியுறுத்தியது. ஒரே சோதனையைக் கொண்டு ஒரு பெண்ணை நோயாளியாக்கி மாதக்கணக்கில் ஊசி போடுவதை இது தடுத்தது.

5. எவருக்கு வேண்டா என்னும் அறிவு

பரம்பரையாக வரும் உறைவுப் போக்கின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. 1993இல் சுவீடனில் டால்பேக் கண்ட உறைவுக் கோளாற்றின் மரபணுக் காரணத்தை, 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பெர்ட்டினா குழுவினர் கண்டறிந்தனர். 'காரணி ஐந்து லைடன்' எனப்படும் இம்மாற்றம் ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு உண்டு. இதுவே கருச்சிதைவுக்கும் காரணமாகலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் பயன்பட்ட ஹெப்பாரின் இங்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் பல பெண்களுக்கு அது கொடுக்கப்பட்டது.

நம்பிக்கையைச் சான்று ஏற்கவில்லை. பரம்பரை உறைவுப் போக்கும் தொடர் கருச்சிதைவும் உடைய பெண்களிடம் நடந்து 2023இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், ஹெப்பாரின் பெற்றோருள் 72 விழுக்காட்டினரும் பெறாதோருள் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். ஊசியின் வலியும் செலவும் இப்பெண்களுக்குக் குழந்தையைப் பெற்றுத்தரவில்லை. ஊசியின்றியே பத்தில் ஏழு பேர் தாயாயினர் என்பதும் ஆறுதலான செய்தியே. ஆயினும் தாய்க்கு முன்னர் இரத்த உறைவு நேர்ந்திருந்தால், அதனைத் தடுக்கும் பொருட்டு ஹெப்பாரின் இன்றியமையாததாகவே உள்ளது. தாயின் சிரையைக் காத்தலும் கருவை நிலைநிறுத்தலும் வெவ்வேறு நோக்கங்கள் என்பதை இவ்வாய்வுகள் பிரித்துக் காட்டின.

6. முன்கணிப்பு என்னும் மருந்து

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 முதல் தாய் இறப்பு ஒவ்வொன்றும் மறைவாக விசாரிக்கப்பட்டு வருகிறது. எவரையும் குற்றஞ்சாட்டாமல், எங்கு எது தவறியது என்பதை ஆராய்வதே அவ்விசாரணையின் நோக்கம். பிற காரணங்களால் நேர்ந்த இறப்புகள் குறைந்துவர, நுரையீரல் அடைப்பு நேரடிக் காரணங்களுள் முதலிடத்தை அடைந்தது. அரச மகப்பேற்றியல் கல்லூரி 1995இல் அறுவை மகப்பேற்றுக்கும், 2004இல் இயல்பான மகப்பேற்றுக்கும் தடுப்பு நெறிகளை வகுத்தது. வயது, உடற்பருமன், முன்னர் நேர்ந்த உறைவு, அறுவை மகப்பேறு, நெடுநாள் படுக்கை முதலியவற்றைக் கணக்கிட்டு, ஆபத்து மிகுந்தவர்க்கு மட்டும் ஹெப்பாரின் அளிக்கப்பட்டது.

2003–05 காலத்தில் 41 ஆக இருந்த உறைவு சார்ந்த தாய் இறப்புகள், 2006–08 காலத்தில் 18 ஆகக் குறைந்தன. ஒரு இலட்சம் மகப்பேறுகளுக்கு 1.94 என்னும் அளவு 0.79 ஆயிற்று. இவ்விடைப்பட்ட ஆண்டுகளில் புதிய மருந்து எதுவும் வரவில்லை. முன்பே இருந்த மருந்து உரியவரைச் சென்றடைந்தது. எனினும் வெற்றி நிலையானதாக அமையவில்லை. பின்வந்த அறிக்கைகளிலும் உறைவே நேரடிக் காரணங்களுள் முதன்மையாக இடம்பெற்றுள்ளது.

எல்லார்க்கும் ஹெப்பாரின் அளித்துவிடலாம் என்பதும் விடையாகாது. மகப்பேற்றுக் குருதிப்போக்கு இந்தியாவில் தாய் இறப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. முதுகுத்தண்டில் மரப்பூசி செலுத்தும்போது உறைவெதிர் மருந்து உடலில் மிகுந்திருந்தால், அங்குக் குருதி தேங்கிக் கால்கள் செயலிழக்கக்கூடும். ஆகவே தடுப்பு அளவிலான குறை மூலக்கூற்றெடை ஹெப்பாரினைச் செலுத்தி 12 மணி நேரமும், சிகிச்சை அளவு எனில் 24 மணி நேரமும் கழிந்த பின்னரே அவ்வூசி போடப்படுகிறது. மருந்தைத் தொடங்கும் நாளைப் போலவே நிறுத்தும் மணி நேரமும் திட்டமிடப்பட வேண்டியதாயிற்று. மகப்பேற்று மருத்துவர், குருதியியல் மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகியோர் ஒருங்கே அமர்ந்து முடிவெடுக்கும் முறை இத்தேவையினாலேயே உருவாயிற்று.

முடிவுரை

பாலே காலில் தேங்குகிறது என்று நம்பிய காலம் முதல் மரபணுவைச் சோதிக்கும் காலம் வரையிலான இவ்வரலாற்றில் ஒரு பொதுப் போக்கைக் காணலாம். நெடும் படுக்கை ஓய்வு, வார்ஃபரின், ஸ்டீராய்டு, பரம்பரை உறைவுப் போக்குடைய அனைவருக்கும் ஹெப்பாரின் ஆகிய ஒவ்வொன்றும் தாயைக் காக்கும் நோக்குடனேயே மேற்கொள்ளப்பட்டது. ஒவ்வொன்றும், பயன்பெற்றோரையும் பெறாதோரையும் எண்ணி ஒப்பிட்ட பின்னரே தன் எல்லைக்குள் வந்தது. மருந்தைக் கண்டறியச் சில ஆண்டுகள் போதுமானதாயிருந்தன. அதன் எல்லையை அறியப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

உறைதலும் உறையாமையும் மகப்பேற்றில் ஒன்றையொன்று அடுத்தே நிற்கின்றன. இரண்டுமே உயிரைக் காப்பவை, இரண்டுமே உயிரைக் கவர வல்லவை. இவற்றிடையே உரிய நேரத்தில் உரிய முடிவை எடுக்கப் பெரும்பாலும் தேவைப்படுபவை, முதல் வருகையிலேயே கேட்கப்படும் சில கேள்விகள்: முன்னர்க் கால் வீங்கியதுண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தக்கட்டி வந்ததுண்டா, எத்தனை கருக்கள் நிலைக்காமற் போயின என்பன. எளிய ஊரக நிலையத்திலும் கேட்கத்தக்க இக்கேள்விகளின் விடைகள் முறையாகப் பதிவுசெய்யப்பட்டு, மகப்பேற்றுக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்வரை தாயுடன் செல்லுதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் வழிப் பெறப்படும் முடிவாகும்.